ஒட்னி வீட்டுக் காப்பி

அத்தியாயம் 7

மீன் சாப்பிட்டால் துப்பறிவாளர் ஹல்வாருக்கு உதடு வீங்கும். இந்த உண்மை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஹல்வாருக்கு, போடோ நகரத்தில் அவரைச் சோதித்த டாக்டருக்கு, அப்புறம் உதவியாளர் யோர்டிஸுக்கு. யோர்டிஸுக்குத் தெரிந்த பிறகும் அதை ரகசியம் என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

ஐம்பது வயது வரை ஹல்வார் மீன் தின்றே வளர்ந்தவர். காலையில் மீன், மத்தியானம் மீன், விசேஷ நாள் என்றால் பெரிய மீன். ஐம்பதாவது பிறந்த நாளன்று ஒரு தட்டு காட் மீனை முடித்துவிட்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தார். நாக்கு எழவில்லை. டாக்டர் கையில் நாலு இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு மீன் அலர்ஜி என்றார். பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறேனே என்று ஹல்வார் வாதாடினார். சிலருக்கு வயதான பிறகுதான் வரும், இனிமேல் தொடாதீர்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு செய்தியே இல்லை. ஆனால் நார்வேயின் வடக்குத் தீவுகளில், ஊரில் பாதி இடம் மீன் காயப் போட்ட கழிகளாக இருக்கும்போது, மீன் ஆகாது என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? மீனுக்கே பயப்படுகிறவன் திருடனைப் பிடிக்கப் போகிறானாக்கும் என்று சிரிக்க மாட்டார்களா? அதனால் இரண்டு வருஷமாக ஹல்வார் போகிற வீட்டிலெல்லாம் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அப்போதுதான் சாப்பிட்டிருந்ததால், அவர் பெரிய தீனிக்காரர் என்று பேர் பரவிவிட்டது. அதையும் அவர் மறுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஹல்வாரும் யோர்டிஸும் ஸ்கார்வோய் தீவில் கேப்டன் எட்வினின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்தவள் எட்வினின் தங்கை குத்ருன். துப்பறியக் கூப்பிட்டதும் அவள்தான்.

விஷயம் இதுதான். எட்வின் மனைவியை இழந்த அறுபது வயதுக்காரர். சொந்தப் படகு, ஆறு ஆட்கள். தூண்டிலுக்கு இரை கோக்கும் கொட்டகையில் வேலை செய்யும் ஒட்னி என்ற விதவையை சனிக்கிழமை கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவார். கடந்த மூன்று வியாழனும் போனார். மூன்று முறையும் முகம் வீங்கித் திரும்பினார். கடைசி முறை மூச்சே திணறி, பக்கத்துத் தீவிலிருந்து டாக்டர் வர வேண்டியதாயிற்று. சாப்பிட்டதில் ஏதோ கலந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். விஷம் என்று குத்ருன் முடிவு கட்டினாள். ஊரும் அதையே பேசியது. இரண்டு மணி தபால் படகில் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் ஹல்வார் ஆதாரத்தைப் பிடித்துக் கொடுத்தால், ஒட்னியை அதே படகில் அழைத்துப் போய்விடுவார்.

"அப்பாவி மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டிருப்பா. ஏமாந்துடாதீங்க," என்றாள் குத்ருன்.

எட்வின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். காட் மீன் கொழிக்கும் மார்ச் மாதத்தில், முதுகு வலி என்று சொல்லிப் படகை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஒட்னி வீட்டில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஹல்வார் கேட்டதற்கு, உருளைக்கிழங்கு ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, இரண்டு கப் காப்பி என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று வாரமும் அதேதான். வேறு ஒன்றுமில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். ஒட்னியைப் பற்றிக் கேட்டபோது கரண்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குள் குத்ருன் பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அவித்த காட் மீன், ஈரல், உருளைக்கிழங்கு. ஹல்வாரின் வாய், தன் அலர்ஜியை மறந்து ஊறியது.

"இப்பதான் சாப்பிட்டேன்," என்றார் ஹல்வார்.

"நானும்தான்," என்றார் எட்வின்.

குத்ருன் இரண்டு பேரையும் மதிக்கவில்லை. இரண்டு தட்டையும் நிரப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள். யோர்டிஸ் தன் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். ஹல்வார் தன் தொழில் திறமையை எல்லாம் திரட்டினார். மேஜைக்கு அடியில் பிஷப் என்ற செம்பூனை ஒன்று இருந்தது. அதன் வயிறு தரையைத் தொட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக நழுவவிட்டார். பிஷப் ஒரு துண்டைத் தின்றுவிட்டு மேஜையின் அந்தப் பக்கம் போகும். வாயை நக்கிக்கொண்டு திரும்பி வரும். தின்றதை மறைவாகப் போய் மெல்லுகிற மரியாதையான பூனை என்று ஹல்வார் மெச்சிக்கொண்டார். குத்ருன் வரும்போது இரண்டு ஆண்களின் தட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பார்த்தீங்களா, சாப்பிட்டேன்னு சொன்னவங்க தின்ன தினுசை என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

ஒட்னியின் வீடு நூறு அடி தள்ளி. அவள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தேழு வயது, உயரமான பெண், இரை கோத்துத் தடித்த விரல்கள். இன்ஸ்பெக்டர் கூட்டிக்கொண்டு போனாலும் போகாவிட்டாலும் இன்று அந்தப் படகில் போய்விடப் போவதாகச் சொன்னாள். முப்பது வருஷம் வாழ்ந்த ஊரில் மூன்று வாரமாக எட்வினைத் தவிர ஒருவரும் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கொட்டகையில்கூட அவள் பக்கத்து முக்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

யாருக்காவது எட்வின் மேல் விரோதம் உண்டா என்று ஹல்வார் ஆரம்பித்தார்.

"சார், சுத்தி வளைக்காதீங்க. நான் விஷம் வெச்சேனான்னுதானே கேக்கணும்?" என்றாள் ஒட்னி. "வெக்கறதா இருந்தா கல்யாணம் ஆன பிறகு வெச்சிருப்பேன். வீடும் படகும் கிடைச்சிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே வெச்சு எனக்கு என்ன லாபம்?"

"இவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு சார்," என்றாள் யோர்டிஸ்.

ஹல்வார், அந்த வியாழக்கிழமைகளில் போட்ட அதே காப்பியை அதே மாதிரி போடச் சொன்னார். தன் கண் தப்பாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அடுப்புக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர். டப்பாவிலிருந்து தூள். பொங்கி வந்ததும் கெட்டிலை இறக்கினாள். காப்பி தெளிவதற்கு அந்தக் காலத்து வீடுகளில் போடுவதைப் போட்டு, மூடி, கொஞ்ச நேரம் வைத்தாள். ஊற்றும்போது காப்பி கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. பொடி இல்லை, புட்டி இல்லை, கை மறைப்பு இல்லை. ஹல்வார் நோட்டுப் புத்தகத்தில் 'தண்ணீர், தூள், வேறெதுவும் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ரொட்டியைத் தொடாமல் இரண்டு கப் காப்பி மட்டும் குடித்தார். யோர்டிஸ் மூன்று கப்.

மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தன் காப்பியை இரண்டு பேர் குடிப்பதை ஒட்னி நின்று பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

பத்தாவது நிமிஷம் ஹல்வாரின் மேல் உதடு அரிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிஷம் அது மூக்கைத் தொட்டது. கழுத்தில் தடிப்பு தடிப்பாக ஏறியது. அவர் சட்டைப் பையில் மாத்திரையைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஒரு முகம். குத்ருன். பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"போதும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குள் ஓடினாள். ஒட்னி கெட்டிலையும் ஹல்வாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டதுபோல் இருந்தது.

ஹல்வார் மாத்திரையை விழுங்கிவிட்டு வாசல் படியில், பனிக்காற்றில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்வதென்றால், நாலு நிமிஷம் அவருக்கு மோசமான ஒரு ஆசை வந்தது. விஷம் குடித்தும் பிழைத்து, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த துப்பறிவாளர். போடோ பத்திரிகையில் படத்தோடு போடுவார்கள். உதடு வடிந்த பிறகு எடுத்த படம். ஐந்தாவது நிமிஷம் யோர்டிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், விஷம்னா எனக்கும் வீங்கணும். நான் உங்களைவிட ஒரு கப் அதிகம்."

"உன்னைப் பாத்து விஷமே பயந்திருக்கும்." ஹல்வாரின் வாயிலிருந்து பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"இந்த மூஞ்சிய நான் ஏற்கெனவே பாத்திருக்கேன் சார். போன வருஷம் அந்த ஓட்டல்ல சூப் குடிச்சீங்களே, அன்னைக்கு. அச்சு அசல் இதே மூஞ்சி."

"அது மீன் சூப்பு. இது காப்பி. காப்பியில யாராவது மீனப் போடுவாங்களா?"

சொல்லிவிட்டு ஹல்வார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து உள்ளே போனார். இன்னொரு முறை காப்பி போடுங்கள், போடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள் என்று ஒட்னியிடம் கேட்டார்.

"தண்ணி," என்றாள் ஒட்னி. "தூள்." கெட்டிலை இறக்கினாள். அடுப்புக்கு மேலே தொங்கிய டப்பாவுக்குள் அவள் விரல் போய் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப போட்டது என்ன?"

"ஒண்ணும் போடலையே."

"கையில வெச்சிருக்கீங்களே."

"இதுவா? இது தோலு. இதை ஏன் சொல்லணும்? காப்பி தெளியறதுக்கு." அவள் கையை விரித்துக் காட்டினாள். நகத்தளவு, காய்ந்து சுருண்ட ஒரு துண்டு. காட் மீனின் தோல்.

யோர்டிஸ் தன் வீட்டில் காகிதத்தில் வடிகட்டிக் குடிக்கிற தலைமுறை. அவள் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹல்வாருக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவர் பிறந்த வீட்டிலும் அடுப்புக்கு மேல் அதே டப்பா உண்டு. அவள் போட்டதை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அது அவர் கணக்கிலேயே வரவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே குடித்திருக்கிறோமே என்று அவருக்குத் தன்னையே நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

தினமும் போடுவீர்களா என்று கேட்டார். தனியாகக் குடிக்கும்போது கலங்கலே போதும், மதிப்பான ஆள் வந்தால்தான் போடுவேன் என்றாள் ஒட்னி. இது எட்வின் முதல் முதலாகக் கொண்டுவந்து கொடுத்த மீனின் தோல். தூக்கிப் போட மனமில்லாமல் காயவைத்து, அவருக்காகவே வைத்திருந்தாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்தது.

"சரி சார், உங்களுக்கு வீங்கினது புரியுது," என்றாள் யோர்டிஸ். "கேப்டனுக்கு ஏன் வீங்கணும்? அவர்தான் உங்க கண்ணு முன்னாடியே ஒரு தட்டு மீனத் தின்னாரே."

ஹல்வார் கண்ணை மூடினார். மேஜைக்கு அடியில் பிஷப் அந்தப் பக்கம் போனதும், வாயை நக்கிக்கொண்டு திரும்பியதும் நினைவுக்கு வந்தது. மரியாதையான பூனையாம். மேஜைக்கு மேலே ஒரு துப்பறிவாளர், கீழே இரண்டு கட்சியிலும் சாப்பாடு வாங்கிய ஒரு பூனை. இருவரில் புத்திசாலி யார் என்பதில் அவருக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை.

மணி ஒன்றேகால். ஒட்னியையும் கூட்டிக்கொண்டு எட்வின் வீட்டுக்குப் போனார்கள். ஊரைக் கூட்டிவிட்டுத் திரும்பியிருந்த குத்ருன் வழிமறித்தாள். ஹல்வார் அவளிடம், மீதி மீன் இருந்தால் இரண்டு தட்டு வையுங்கள் என்றார். வீங்கிய முகத்தோடு சாப்பாடு கேட்கிறவரை அவள் அதிசயமாகப் பார்த்தாள். ஆனாலும் வைத்தாள். ஹல்வார் மேஜைக்கு அடியில் குனிந்து, பிஷப்பை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சு வாங்க வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்ப சாப்பிடலாம் கேப்டன்," என்றார்.

எட்வின் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"முதல்ல நான் சொல்லிடறேன்," என்றார் ஹல்வார். "எனக்கு மீன் ஆகாது. ரெண்டு வருஷமா ஊரை ஏமாத்திக்கிட்டிருக்கேன். தொட்டா உதடு இந்த அழகுக்கு வந்துடும். ஒட்னியம்மா காப்பியில விஷம் இல்லை. தெளிய வெக்கிற தோலுதான் இருந்துச்சு. அது யாருக்கு வீங்கும்னா, என்னை மாதிரி ஆளுக்கு வீங்கும்."

குத்ருன் சிரிக்கத் தொடங்கினாள். அவள் அண்ணனுக்கா, நாற்பத்தைந்து வருஷம் காட் பிடித்த ஆளுக்கா? சாப்பிட்டுக் காட்டுங்க அண்ணா என்றாள்.

எட்வினின் காது சிவந்தது. மீன் துண்டை முள்கரண்டியில் குத்தித் தூக்கினார். அந்த மனிதர் நிஜமாகவே தின்றுவிடப் போகிறார் என்பது ஹல்வாருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அவர் எழுவதற்குள் ஒட்னி எட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி சுவரில் பட்டு விழுந்தது.

"செத்துப் போறதுக்கா?" என்றாள்.

எட்வின் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆரம்பித்ததாம். முதலில் உதடு, பிறகு கை. வலையிலிருந்து மீனைக் கழற்றினாலே கை வெந்துவிடும். அதற்குத்தான் முதுகு வலி. ஆட்களிடம் சொல்ல முடியவில்லை, தங்கையிடம் சொல்ல முடியவில்லை, டாக்டரிடம்கூட சொல்லவில்லை. மீனை விட்டதும் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. ஒட்னி வீட்டில் மட்டும் வீங்கியது. அங்கேயோ ஒரு துண்டு மீனும் அவர் வாயில் படவில்லை.

"வேற என்னன்னு நான் நினைக்கறது, ஒட்னி?" என்றார்.

"மூணு வாரம் நெனைச்சிருக்கீங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "காப்பியில மீன் வந்திருக்குமோன்னு ஒரு தடவை தோணலை. நான் கொல்லப் பாக்கறேன்னு மட்டும் தோணுச்சு. மீன் மேல வராத சந்தேகம் என் மேல வந்துடுச்சு."

ஹல்வாருக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. அந்த வார்த்தையில் பாதி தனக்கும் சேரும் என்று அவருக்குத் தெரியும்.

தபால் படகின் சங்கு கேட்டது. ஒட்னி தன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். யாரையும் தூக்கவிடவில்லை. துறையில் ஊரே கூடியிருந்தது. குத்ருன் அவ்வளவு பேரையும் கூட்டி வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் இறங்கி, இந்தப் பெண்தானா என்று கேட்டார். ஹல்வார் வாயைத் திறந்தார். அதற்குமுன் பின்னாலிருந்து எட்வினின் குரல் வந்தது, நடுக்கடலில் ஆளைக் கூப்பிடுகிற குரல்.

"எனக்கு மீன் ஒத்துக்காது. தின்னா வீங்கும். தொட்டாலும் வீங்கும். அவ மேல ஒரு தப்பும் கிடையாது."

அவருடைய ஆட்கள் ஆறு பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். பிறகு துறை முழுக்கச் சிரித்தது, பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த படகுக்காரன் உட்பட. எட்வின் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று, அவ்வளவு சிரிப்பையும் வாங்கிக்கொண்டார். இந்தத் துப்பறிவாளருக்கும் அதே வியாதியாம் என்று யோர்டிஸ் தன் பங்குக்கு அறிவித்தாள். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உதட்டால சார்," என்றாள் யோர்டிஸ். "மூளை அப்புறமா வந்து சேர்ந்துக்கிச்சு."

சிரிப்பு அடங்கியபோது பெட்டி படகின் மேல் ஏறியிருந்தது. ஒட்னி பலகையில் ஒரு காலை வைத்திருந்தாள். எட்வின் கிட்டே போனார். மன்னிப்புக் கேட்டார். எல்லார் காதிலும் விழும்படிதான் கேட்டார். ஒட்னி பலகையிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தாள். பிறகு படகுக்காரனிடம் பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"என் வீட்டுக்குத்தான் போகுது, உங்க வீட்டுக்கு இல்லை," என்றாள் எட்வினிடம். "சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. காப்பி போட்டு வைக்கறேன். உள்ள என்ன போட்டேன்னு கேக்காம குடிச்சீங்கன்னா, அங்கேருந்து ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு சர்ச்சுக்குப் போகலாம்."

வருகிறேன் என்றார் எட்வின். உடனே ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். ஹல்வார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

எட்வின் வாயை மூடிக்கொண்டார்.